209 இடங்களில் ஒரு பால்புரதம்

செய்யுளுக்கு நயம் பாராட்டுவது போல ஒரு புரதத்துக்கும் பாராட்டலாம். பசும்பாலில் உள்ள பீட்டா கேசீனை நான் அப்படித்தான் வாசிக்கிறேன்.

அது 209 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதில் லைசின் 11 இடங்களில் வருகிறது, மெத்தியோனின் 6 இடங்களில். டிரிப்டோபனுக்கு ஒரே ஓர் இடம்தான், 143ஆவது. பசுவின் மடிச் செல்லுக்குள் ரைபோசோம் இவற்றை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போகிறது. 143இல் டிரிப்டோபன் கிடைக்காவிட்டால், முன்னே 142 தயாராக இருந்தும் வேலை அங்கேயே தடைப்படும். வேறொன்றை வைத்து ஒப்பேற்றும் பழக்கம் அதற்கில்லை.

தொடக்கத்தைப் பாருங்கள். 15, 17, 18, 19 ஆகிய இடங்களில் செரின். நான்கிலும் பாஸ்பேட் ஏறியிருக்கிறது. கன்றின் எலும்புக்கு வேண்டிய கால்சியத்தை இந்த முனை பிடித்துக்கொள்கிறது. மறுமுனைப் பக்கம் நீரோடு ஒட்டாதது. இரு குணமும் ஒரே சங்கிலியில் இருப்பதால் பீட்டா கேசீன் நீரும் காற்றும் சந்திக்கும் எல்லையில் போய் நின்றுகொள்ளும். மலேசியாவின் பூச்சோங் கடைகளில் பசும்பால் ஊற்றித் தே தாரிக் இழுத்தால், மேலே நிற்கும் நுரையில் இதற்கும் பங்கு உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது புரோலின்தான். 35 இடங்களில் வந்து சங்கிலியை வளைத்துவிடுகிறது; புரதம் இறுக்கமாக மடிய முடிவதில்லை. கன்றின் இரைப்பைச் சாறு எளிதில் உள்ளே நுழைந்து வெட்டும். இத்தனை புரோலின் எங்கிருந்து வருகிறது? பீட்டா கேசீனில் ஆர்ஜினின் நான்கே நான்கு. ஆனால் மடியோ, பாலில் வெளியேறுவதைவிட மிக அதிகமான ஆர்ஜினினை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. கூடுதலாக வந்ததில் ஒரு பகுதியைச் செல் புரோலினாக மாற்றிவிடுகிறது! மெத்தியோனினிலோ கணக்கு வேறு: எவ்வளவு வாங்குகிறதோ ஏறக்குறைய அவ்வளவே பாலில் போகும். ஒன்றில் தாராளம், மற்றொன்றில் கறார்.

லியூசின் 22 இடங்களில் நிற்கிறது. ஆனால் அதன் வேலை சங்கிலியில் இடம் நிரப்புவதோடு முடிவதில்லை. செல்லுக்குள் செஸ்ட்ரின்-2 என்ற புரதம் லியூசினைத் தொட்டு அறிகிறது. லியூசின் வந்து அதில் பொருந்தியதும், எம்டோர் என்ற கட்டுப்பாட்டுப் புரதத்தின் மேல் அது போட்டிருந்த தடை விலகுகிறது, ரைபோசோம்கள் வேகமெடுக்கின்றன. பொருளே செய்தியாகவும் இருக்கிறது. எம்டோரின் இனமான டோர் புரதங்களுக்கான மரபணுக்களை ஈஸ்டில் மைக்கேல் ஹால் குழுவினர் கண்டறிந்தது 1991இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில். பசுவின் மடிச் செல்லை ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க உதவும் மேக்-டி செல்வரிசை கனடாவிலிருந்து வெளிவந்ததும் அதே 1991இல். தொடர்பில்லாத அந்த இரண்டு வேலைகளும் பிற்பாடு ஒன்று சேர்ந்ததால்தான், லியூசினைக் கூட்டிக் குறைத்தால் மடிச் செல் என்ன செய்கிறது என்று கண்ணாடித் தட்டிலேயே பார்க்க முடிந்தது.

அதற்காக லியூசினை மட்டும் அள்ளிக் கொடுத்தால் போதாது. உத்தரவு வந்தாலும் லைசின் இருந்தாக வேண்டும். இந்த இடத்தில்தான் நம் ஊர்த் தீவனம் நினைவுக்கு வருகிறது. செம்பனைக் கொட்டைப் புண்ணாக்கு மலேசியக் கறவை மாடுகளின் வழக்கமான தீவனம். பூச்சோங்கை அடுத்த செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகமும் மார்டி என்ற வேளாண் ஆய்வு நிறுவனமும் அதைப் பலகாலமாக ஆராய்ந்து வருகின்றன. புரதம் 16 விழுக்காடு அளவுக்கு இருந்தும் அதில் லைசின் குறைவு. கோழிக்கு அது பெருங்குறை. பசுவுக்கு முதல் இரைப்பையில் கோடானுகோடி நுண்ணுயிரிகள் இருக்கின்றன. புண்ணாக்குப் புரதத்தில் பெரும்பகுதியை அவை சிதைத்துத் தங்கள் உடலாக்கிக்கொள்கின்றன. அந்த உடலில் லைசின் நிறைய உண்டு. பின்னால் சிறுகுடலில் பசு செரிப்பது பெரும்பாலும் அவற்றைத்தான். பீட்டா கேசீனின் 11 லைசின்களில் பல அந்த வழியாகவே மடிக்கு வந்து சேர்கின்றன.