பதினெட்டு வளைவில் ஓர் ஓட்டம்

கல்முனைக்குடி இளைஞர்கள் மோட்டார் சைக்கிள் பழகுவது தட்டையான கடலோர ஏ4 வீதியில். வளைவின் வித்தையைக் கற்க, மஹியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் ஏ26 வீதியில் ‘பதினெட்டு வளைவு’ என்று பெயர்பெற்ற கொண்டையூசி வளைவுகளுக்குத்தான் போகவேண்டும்.

அங்கே கைதேர்ந்த ஒருவர் ஓட்டுவதைப் பார்ப்பதே இன்பம். வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, கியரைக் குறைத்துவிடுவார். கண் வளைவு முடியும் இடத்தைத் தேடும். இடது கைப்பிடியை மெல்ல முன்னே தள்ள, வண்டி இடப்பக்கமே சாயும். நம்பக் கடினம்தான், ஆனால் இயற்பியல் அப்படி. வெளியேறும் வழி தெரிந்த பிறகே எக்சிலேட்டரை முறுக்குவார். எதிரே பஸ் திரும்பினால் முழு வீதியும் அதற்கே. காத்து நிற்பதும் திறமைதான்.

தம்பிமாரே, இறங்கும்போது நியூட்ரலில் விடாதீர்கள். எஞ்சின் இழுத்துப் பிடிக்காவிட்டால் பிரேக் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும்.