நவுன் கிளாஸ் வந்தால் எப்போதும் ஒருமைதானா?

எழுவாய் இடத்தில் நவுன் கிளாஸ் வந்தால் வினை ஒருமையில் வரும். நம்மூர் ஆங்கில வழிகாட்டிகள் பலவற்றில் பாடம் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. இது பாதி உண்மைதான். விட்டுப்போன பாதிக்கு மதிப்பெண்ணை இழப்பவர்கள் மாணவர்கள்.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். ‘ஹவ் தே எஸ்கேப்டு இஸ் எ மிஸ்டரி.’ தப்பியவர்கள் பலர், மர்மம் ஒன்று. ஆகவே ‘இஸ்’. ‘தட்’, ‘வெதர்’, ‘ஒய்’ என்று தொடங்குபவையும் அப்படியே.

சிக்கல் ‘வாட்’, ‘வாட்எவர்’ வரும்போதுதான். அண்மையில் ஒரு விடைத்தாள் பார்த்தேன். ‘வாட்எவர் புக்ஸ் வீ ஹேவ் ஆர் ஓல்ட்’ என்று மாணவி எழுதியிருந்தாள். ‘ஆர்’ சிவப்பு மையில் அடிபட்டு ‘இஸ்’ ஆகியிருந்தது. அரை மதிப்பெண்ணும் போயிருந்தது. அவள் எழுதியதுதான் சரி.

ஏன்? இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க:

வாட் புக்ஸ் ஹி ஹேஸ் இஸ் நன் ஆஃப் மை பிசினஸ்.
வாட் புக்ஸ் ஹி ஹேஸ் ஆர் ஆன் திஸ் ஷெல்ஃப்.

முதல் நான்கு சொற்களும் அச்சு அசலாக ஒன்றே. ஆனா முன்னதில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கு: அவனிடம் என்ன புத்தகங்கள் இருக்கின்றன? அந்தக் கேள்வி எனக்குத் தேவையில்லை என்கிறோம். கேள்வி ஒன்று, வினையும் ஒருமை. பின்னதில் கேள்வியே கிடையாது. அலமாரியில் இருப்பவை புத்தகங்கள். குவர்க் குழுவினர் 1985-இல் வெளியிட்ட பெரிய இலக்கண நூலில் இந்த வகையை நாமினல் ரிலேட்டிவ் என்று தனியே பிரித்தார்கள். 2002-இல் வந்த கேம்பிரிட்ஜ் இலக்கணத்தில் ஹடில்ஸ்டனும் புல்லமும் இன்னும் ஒரு படி போய், இது கிளாஸே அல்ல, நவுன் ஃப்ரேஸ் என்றார்கள். அப்படியானால் வழிகாட்டியின் விதிக்கு இங்கே வேலையே இல்லை.

தமிழ் தெரிந்தவருக்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. மொழிபெயர்த்துப் பாருங்க. ‘அவனிடம் என்னென்ன புத்தகங்கள் இருக்கின்றன என்பது...’ இதில் ‘என்பது’ வந்தாச்சு, ஒருமை. ‘அவனிடம் இருக்கும் புத்தகங்கள்...’ இதில் ‘என்பது’ நுழையவே இடமில்லை, பன்மை.

‘வாட் ஐ நீட்’ என்று தொடங்கி ‘டூ சேர்ஸ்’ என்று முடியும் வாக்கியம் வேறு கதை. நடுவில் ‘இஸ்’, ‘ஆர்’ இரண்டுமே வழக்கில் உண்டு. பின்னால் நிற்கும் பன்மை வினையைத் தன் பக்கம் இழுத்துவிடும். அங்கே எதை எழுதினாலும் மதிப்பெண் குறைப்பது நியாயமில்லை.

வழிகாட்டி எழுதுபவர்கள் அடுத்த பதிப்பில் ஒரே ஒரு வரி சேர்க்கலாம்: ‘வாட்’ கேள்வியைக் குறிக்கிறதா, பொருளைக் குறிக்கிறதா என்று முதலில் பார்க்கவும்.