பூ எத்தனை கிலோ?

சமீபத்தில் உங்கள் வீட்டில் கல்யாணம் நடந்திருந்தால், அந்தச் செலவு நோட்டைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். அரிசி எத்தனை மூட்டை, எண்ணெய் எத்தனை டின், தாம்பூலப் பை ஒன்றுக்கு எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கும். கத்தரிக்காயில் கிலோவுக்கு ரெண்டு ரூபாய் குறைத்த பெருமையை ஒரு மாமா தன் கைப்பட எழுதி வைத்திருப்பார். அப்படியே கீழே இறங்கி வாருங்கள். ‘டெகரேஷன்’ என்று ஒரே ஒரு வரி. எதிரே ஒரு பெரிய தொகை. என்ன பூ? எத்தனை கிலோ? என்ன விலை? மூச்!

நான் பி.காம். படித்தவன். ஒற்றை வரியில் இத்தனை பெரிய தொகையைப் பார்த்தால் எந்த ஆடிட்டரும் “வவுச்சர் எங்கே?” என்று கேட்காமல் பேனாவை மூடமாட்டார். பெண்ணைப் பெற்றவர் மட்டும் கேட்பதில்லை. கேட்டால் வரும் பதில் நமக்கெல்லாம் மனப்பாடம்: “அதெல்லாம் எதுக்கு சார் தலைவலி... பேக்கேஜ்ல வந்துடும்!” சார் கடன் வாங்கியல்லவா அந்தப் பேக்கேஜை எடுத்திருக்கிறார்?

சரி, அந்தப் பணத்துக்கு மேடையில் என்ன நிற்கிறது? பந்தி ஆரம்பிக்கும் வரை எனக்கு வேறு வேலை இல்லாததால் மேடைகளை உற்றுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஜெர்பரா, கார்னேஷன், கொஞ்சம் வசதியான வீடென்றால் தாய்லாந்து ஆர்க்கிட். எல்லாம் பச்சை ஸ்பான்ஜில் வரிசையாகக் குத்தி நிற்கின்றன. தூரத்தில் இருக்கும் பூக்களில் பாதி துணிப்பூ. போன வாரம் வேறொரு மேடையில் இருந்தவை. கிட்டே போய் மூச்சை இழுத்துப் பாருங்கள். ஒரு வாசனையும் வராது. வந்தால் அது மணமக்கள் போட்டிருக்கும் மாலையிலிருந்துதான்.

காரணம் எளிது. இந்த மேடை கேமராவுக்காகப் போடப்படுவது. மல்லிக்கு போட்டோவில் மவுசு கிடையாது. ஆல்பத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும், அவ்வளவுதான். ஜெர்பரா சிவப்பும் மஞ்சளுமாகப் பளிச்சென்று விழும். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிக் கொடுத்துப் பெருமைப்பட்டோம். மதுரைக் கல்யாண மேடையிலேயே அதற்கு இடம் இல்லை என்றால் என்ன சொல்வது!

அலங்காரம் செய்பவரைத் திட்டுவது என் நோக்கமில்லை. ராத்திரி முழுக்க ஏணி மேல் நிற்கும் ஆட்களுக்கு அவர் கூலி கொடுக்க வேண்டும், வண்டி வாடகை தர வேண்டும். என் புகார் பேக்கேஜ் என்கிற ஏற்பாட்டின் மேல். பூவைப் போல ஏறி இறங்கும் சரக்கு வேறு இல்லை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் சந்தையில் தாறுமாறாக ஏறும். முகூர்த்தம் இல்லாத வாரத்தில் செண்டுமல்லியும் சாமந்தியும் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல், விவசாயி சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார். பேக்கேஜ் விலையோ ரெண்டு நாளும் அசையாது. பூ சல்லிசாகும்போது மிச்சமாவது உங்களுக்கும் வருவதில்லை, கொட்டிவிட்டுப் போனவருக்கும் வருவதில்லை.

‘அப்ப நாமளே வாங்கிடலாமா?’ என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. தாராளமாக. ஆனால் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள். பல மண்டபங்களில் அவர்கள் சொல்லும் ஆள்தான் மேடை போட வேண்டும். வெளியாள் வந்தால் தனிக் கட்டணம். ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். பணம் கட்டிய பிறகு படித்துப் பயனில்லை.

அடுத்தது, மாதம் பார்த்துப் பூவை முடிவு செய்யுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் மல்லி வரத்து அதிகம். விலை கைக்கு எட்டும். தை மாசப் பனியில் அதே மல்லி கிலோ ஆயிரங்களைத் தாண்டிய வருஷங்கள் உண்டு. தையில் கல்யாணம் வைத்துக்கொண்டு, ‘மேடை பூரா மல்லிச்சரம்’ என்று ஆசைப்பட்டால் பேக்கேஜே தேவலை என்று ஆகிவிடும். அப்போது மல்லியைத் தலைக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மேடையைச் சாமந்திக்கும் சம்பங்கிக்கும் விட்டுவிடுங்கள். பிப்ரவரி 14-ஐ ஒட்டிய முகூர்த்தமா? ரோஜா பக்கமே போக வேண்டாம். ஓசூர் ரோஜா அந்த வாரம் காதலர்களுக்கு நேர்ந்துவிடப்பட்டது. நாகர்கோவில் பக்கம் ஆவணிக் கல்யாணமென்றால் ஓணம் என்றைக்கு என்று பாருங்கள். தோவாளைச் சந்தைப் பூ மலையாள தேசத்து அத்தப்பூக் கோலத்துக்குப் போய்விடும். மிச்சத்தைத்தான் நீங்கள் ஏலம் கேட்க வேண்டும்.

சென்னைவாசிகளுக்கு 1996-ல் திறந்த கோயம்பேடு அங்காடி இருக்கிறது. முகூர்த்தத்தன்று போய் நிற்காதீர்கள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, சும்மா ஒருநாள் விடிகாலையில் போய் வாருங்கள். மூன்று கடையில் விலை கேளுங்கள். எந்தப் பூ எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். வியாபாரிகள் நன்றாகவே பேசுவார்கள், கூட்டம் இல்லாவிட்டால். கையோடு நூறு கிராம் மல்லி வாங்கி வந்து வீட்டில் கட்டிப் பாருங்கள். எத்தனை முழம் வருகிறதோ அதுதான் உங்கள் ‘காஸ்டிங்’. தெருவில் முழம் போட்டு வாங்கினால், முழம் என்பது விற்பவர் கை நீளம். மார்க்கெட்டில் தராசு இருக்கிறது. ஆனால் சொட்டச் சொட்ட நனைந்த பூவை எடை போட விடாதீர்கள். தண்ணீரை மல்லி விலைக்கு வாங்கும் அளவுக்கு நமக்கு வசதி இல்லை.

செண்டுமல்லியும் சாமந்தியும் ஒருநாள் முன்னதாக வாங்கினாலும் தாங்கும். மல்லி தாங்காது. முதல் நாள் காலையில் மொக்காக வாங்கி, சாயங்காலத்துக்குள் கட்டி முடித்து, ஈரத்துணியில் சுற்றி, ஐஸ் போட்ட தெர்மாகோல் பெட்டியில் வைக்க வேண்டும். மேடைக்குப் பூவைவிடச் சல்லிசான சங்கதிகளும் உண்டு. குருத்தோலைத் தோரணம், மாவிலை, குலை தள்ளிய வாழை! ஒரு காலத்தில் அலங்காரமே இவைதான். வெளிநாட்டு போட்டோவைக் காட்டி, ‘ஹைட்ரேஞ்சியா வேணும்ப்பா’ என்று பெண் கேட்டால் மட்டும் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். ஊட்டியில் குளிருக்குச் சொகுசாக வளர்ந்த பூ அது. மே மாத வேலூர் மண்டபத்தில் தாலி கட்டும் முன்பே தலை சாய்ந்துவிடும்.

எல்லாவற்றையும் நாமே செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மணமாலையும் பூ ஜடையும் கைத்தொழில் தெரிந்தவர்கள் வேலை. நாம் கட்டிய மாலை, மாற்றும்போது அறுந்து விழுந்தால், ‘சகுனம் சரியில்லை’ என்று சொல்லக் காத்திருக்கும் பெரியம்மா எல்லாக் குடும்பத்திலும் ஒருத்தர் இருக்கிறார்.

சரம் கட்டுவது யார்? முன்பு கல்யாண வீட்டில் பாய் விரித்து அத்தையும் சித்தியும் உட்கார்ந்தால் பத்து மணிக்குள் கூடை நிரம்பிவிடும். கூடவே ஊர் வம்பும். இன்றைக்கு அத்தை பெங்களூரிலிருந்து காலை ரயிலில்தான் வருகிறார். அதனால் உங்கள் தெருமுனையில் பூ விற்கும் அக்காவிடம் ரெண்டு வாரம் முன்பே சொல்லி வையுங்கள். தெரிந்தவர்கள் ரெண்டு பேரைக் கூட்டி வருவார். முகூர்த்த நாள் அவருக்கும் வியாபார நாள். கடையை விட்டுவிட்டு உங்களுக்காக உட்காருகிறார். பூ விலையில் எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள், கட்டுக்கூலியில் வேண்டாம். ராத்திரி சாப்பாடு போட்டு, கூலியை அப்போதே கையில் கொடுத்துவிடுங்கள். “காலையில வாங்கிக்கங்க” என்று சொன்னால், காலையில் உங்களை எங்கே பிடிப்பது? நீங்கள் மேடையில் போட்டோவுக்கு நின்றுகொண்டிருப்பீர்கள்.