கணனியும் எண்ணக்கரு மாதிரியும்: ஒரு விமர்சன நோக்கு

உலக நிகழ்வுகளைக் கணனியிற் போலச்செய்து பெறப்படும் முடிவுகளை மதிப்பிடுவோர் பெரும்பாலும் கணிப்பின் நுட்பத்தையே நோக்குவர். ஆயின், எதனைச் சேர்ப்பது, எதனை விடுவது, எவற்றை ஒன்றெனக் கொள்வது என்னும் தீர்மானங்கள் நிரல் எழுதப்படுமுன்னரே எடுக்கப்பட்டுவிடுகின்றன. இத்தீர்மானங்களின் தொகுதியே எண்ணக்கரு மாதிரியாகும். விமர்சனம் தொடங்கவேண்டிய இடமும் அதுவே.

றோம் கழகத்தின் வேண்டுகோளுக்கிணங்க, மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவக ஆய்வாளர் 1972 இல் வெளியிட்ட 'வளர்ச்சியின் எல்லைகள்' இதற்குத் தக்க சான்று. அவர்களது 'வேர்ல்ட் 3' மாதிரி சனத்தொகை, கைத்தொழில் மூலதனம், உணவு, புதுப்பிக்கவியலாத வளங்கள், சூழல் மாசு ஆகிய ஐந்தினையும் பின்னூட்டத் தொடர்புகளாற் பிணைத்தது. ஒன்றையொன்று தாக்கும் காரணிகளைத் தனித்தனியே ஆராய்தல் போதாதென உணர்த்தியமை அதன் சாதனை. எனினும், அது உலகம் முழுவதையும் ஓரலகாகக் கொண்டது. செல்வந்த நாடுகளின் நுகர்வும் வறிய நாடுகளின் பசியும் ஒரே சராசரியுள் மறைந்தன.

1973 இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் அதன் எடுகோள்களைக் கடுமையாக விமர்சித்தனர். 1976 இல் ஆர்ஜென்ரீனாவின் பரிலோச்சே நிறுவனத்தார் உலகை நான்கு பிரதேசங்களாகப் பிரித்து, மக்களின் அடிப்படைத் தேவைகளை நிறைவுசெய்தலை இலக்காகக் கொண்ட பிறிதொரு மாதிரியை முன்வைத்தனர். பௌதிக எல்லைகளிலும் சமூக அசமத்துவமே அவர்களுக்கு முதன்மைப் பிரச்சினையாயிற்று. இரு சாராரும் கணனியையே கையாண்டனர். அவர்தம் வினாக்களே வேறுபட்டன.

அதன் பின்னர் முன்னேற்றம் இல்லாமலில்லை. 2006 இல் சூழலியலாளர் வொல்க்கர் கிறிம் முதலானோர், தனியன்களின் நடத்தையை அடிப்படையாகக் கொண்ட மாதிரிகளை விவரிப்பதற்கு ஒரு பொது ஒழுங்கினை வகுத்தனர். 2008 இல் ஸ்ரூவட் ரொபின்சன், நோக்கம், உள்ளீடு, வெளியீடு, உள்ளடக்கம், எடுகோள், எளிமையாக்கம் என்பவற்றை விவரிப்பதாகவும் மென்பொருளைச் சாராததாகவும் எண்ணக்கரு மாதிரியை வரையறுத்தார். நிரலுட் புதைந்து கிடந்த தீர்மானங்கள் எழுத்தில் வெளிப்படலாயின.

ஆனால், எழுதிவைத்தல் வேறு, சரிபார்த்தல் வேறு. நிரல் மாதிரிக்கு இசைவானதா எனச் சோதித்தல் இயலும். மாதிரி உலகிற்கு இசைவானதா என அறிவதோ அரிது. கடந்தகாலத் தரவுகளோடு பொருந்துதல் போதிய சான்றாகாது. வேறுபட்ட எண்ணக்கருக்களும் ஒரே வளைகோட்டைத் தரக்கூடும். எவ்வளவு எளிமையாக்கலாம் என்பதற்கும் யாவரும் ஏற்ற அளவுகோல் இல்லை. அது ஆக்குவோரின் அனுபவத்திற்கே விடப்பட்டுள்ளது. முடிவுகளாற் பாதிக்கப்படும் மக்கள் எடுகோள்களைத் தீர்மானிப்பதில் எங்ஙனம் பங்குகொள்வது என்பதும் தீரா வினாவே.

எனவே, கணனி தந்த விடையென ஒன்று நம்முன் வைக்கப்படும்போது, வினாவை வகுத்தவர் யார், அவர் எதனை விட்டார் என முதலிற் கேட்பது கற்றோர் கடனாகும்.