மூன்று ஆண்டு இங்கே, இரண்டு ஆண்டு அங்கே

அமெரிக்காவில் பொறியாளராக விரும்புகிற மாணவர் பள்ளி முடித்ததும் நேராகப் பொறியியல் கல்லூரிக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை. ஓபர்லின், கிரின்னல் போன்ற சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி ஒன்றில் மூன்று ஆண்டு இயற்பியலோ கணிதமோ படித்துவிட்டு, கொலம்பியா போன்ற பல்கலைக்கழகத்தில் இரண்டு ஆண்டு பொறியியல் படிக்கலாம். ஐந்து ஆண்டு முடியும்போது கையில் இரண்டு பட்டங்கள் இருக்கும். ‘3-2 திட்டம்’ என்று இதற்குப் பெயர்.

இதன் பெரிய பலம் முதல் மூன்று ஆண்டுகளில் இருக்கிறது. வகுப்பில் இருபது, முப்பது பேர்தான். ஆய்வகத்தில் பக்கத்தில் நின்று பிழை திருத்துவது பேராசிரியரே; முனைவர் பட்ட மாணவர் அல்ல. கூடவே வாரந்தோறும் கட்டுரை எழுதி, வாதாடிப் பழகியவருக்குப் பின்னாளில் ஒரு பாலத்தின் பழுதறிக்கையை நகராட்சிக்குப் புரியும்படி எழுதுவது கடினமாக இருக்காது. பொறியியல் வேலையில் பாதி இப்படி எடுத்துச் சொல்வதுதான்.

ஆனால் திட்டத்தின் அமைப்பிலேயே ஒரு முரண் உண்டு. ‘எல்லாவற்றையும் தொட்டுப் பார், பிறகு முடிவெடு’ என்பதே இந்தக் கல்லூரிகள் தரும் வாக்குறுதி. பொறியியலுக்குப் போகிறவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. முதல் பருவத்திலேயே கால்குலஸ் தொடங்கியாக வேண்டும். அதன்மேல் பலமாறி கால்குலஸ், வகைக்கெழுச் சமன்பாடுகள், ஆய்வகத்தோடு இயற்பியல், வேதியியல், நிரலாக்கம். முதன்மைப் பாடத்தையும் கல்லூரியின் பொதுப்பாடங்களையும் அதே மூன்று ஆண்டுக்குள் அடைக்க வேண்டும். ஒரு பாடத்தைத் தள்ளிப்போட்டாலும் சங்கிலி அறுந்துவிடும். இசையும் வரலாறும் படிக்கலாம் என்று வந்தவருக்கு அவற்றுக்கு நேரமே இருக்காது.

அதைவிடக் கொடுமை நான்காம் ஆண்டு. நண்பர்கள் ஆய்வேடு எழுதிப் பட்டம் வாங்கத் தயாராகும்போது இவர் மூட்டை கட்ட வேண்டும். புது ஊரில், இரண்டு ஆண்டாக ஒன்றாகப் படித்துப் பழகிய கூட்டத்துக்கு நடுவே, வெப்ப இயக்கவியலில் தொடங்க வேண்டும். சேரும்போது ஆசைப்படுகிறவர்கள் பலராக இருந்தும் உண்மையில் கிளம்புகிறவர்கள் சிலராகவே இருப்பதில் வியப்பில்லை. பணமும் தடுக்கிறது: ஐந்தாம் ஆண்டுக் கட்டணம் கூடுதல் சுமை, பழைய கல்லூரியின் உதவித்தொகை பெரும்பாலும் கூட வராது. கொலம்பியாவில் முன்பு குறிப்பிட்ட மதிப்பெண்ணும் பரிந்துரையும் இருந்தால் இடம் உறுதி. இப்போது அங்கும் போட்டிதான்.

இவை திருத்த முடியாத குறைகள் அல்ல. டார்ட்மத் கல்லூரியின் திட்டத்தில், அங்கே மூன்றாம் ஆண்டைப் படித்துவிட்டு, நான்காம் ஆண்டுக்குச் சொந்தக் கல்லூரிக்கே திரும்பி நண்பர்களோடு பட்டம் பெற்று, ஐந்தாம் ஆண்டு மறுபடி டார்ட்மத்துக்குப் போகலாம். அட்லாண்டாவில் ஸ்பெல்மன், மோர்ஹவுஸ் உள்ளிட்ட கறுப்பினக் கல்லூரிகள் ஜார்ஜியா டெக்கோடு 1969-இல் தொடங்கிய ஏற்பாடு இன்றும் நடக்கிறது. அங்கே ஜார்ஜியா டெக்கைத் தேர்ந்தெடுப்பவர் ஊர் மாற வேண்டியதில்லை. பல கல்லூரி மாணவர்களை ஒரே அலுவலகம் சேர்த்து வழிநடத்துகிறது. ஸ்வார்த்மோர் தன் வளாகத்திலேயே நான்கு ஆண்டில் பொறியியல் பட்டம் தருகிறது. பெண்கள் கல்லூரியான ஸ்மித், 1999-இல் பொறியியல் துறை தொடங்கி 2004-இல் முதல் அணியை வெளியே அனுப்பியது.

ஆகவே ஒரு கல்லூரியின் விளக்கக் கையேட்டில் ‘3-2’ என்று பார்த்ததும் பெற்றோர் மயங்கிவிடக் கூடாது. கடந்த ஐந்து ஆண்டில் இங்கிருந்து எத்தனை பேர் உண்மையில் போனார்கள், அவர்களுக்கு அங்கே எவ்வளவு உதவித்தொகை கிடைத்தது என்று சேர்க்கை அலுவலகத்தில் நேரடியாகக் கேட்க வேண்டும். பதில் சொல்லத் தயங்குகிற கல்லூரியைவிட, சொந்தமாகப் பொறியியல் துறை வைத்திருக்கும் கல்லூரி பிள்ளைக்குப் பாதுகாப்பான இடம்.