நிக்கான் இசட்-9: வேகத்தை எங்கே அளப்பது?

2021 அக்டோபரில் நிக்கான் அறிமுகப்படுத்திய இசட்-9 கேமராவில் இயந்திர ஷட்டர், அதாவது சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் திரை, அறவே கிடையாது. அதன் வேகத்தை மதிப்பிட முற்படுவோர் இந்தத் துணிச்சலான முடிவிலிருந்தே தொடங்க வேண்டும். மின்னணு ஷட்டர் காட்சியை வரிவரியாகப் படிப்பதால், படித்து முடிக்கத் தாமதமானால் வீசப்படும் மட்டை வளைந்தும் விரைந்தோடும் ரயில் சாய்ந்தும் பதிவாகும். இக்கோணலே ‘ரோலிங் ஷட்டர்’ எனப்படுகிறது. இசட்-9இன் 45.7 மெகாபிக்சல் சென்சார், ஒளியுணரும் அடுக்குக்குக் கீழே மின்சுற்றுகள் அடுக்கப்பட்ட ‘ஸ்டேக்டு’ வகையைச் சேர்ந்தது என்பதால், முழுப் பரப்பையும் ஏறத்தாழ 1/270 வினாடியில் படித்துவிடுகிறது. இயந்திரத் திரை சென்சாரைக் கடக்கும் நேரமும் கிட்டத்தட்ட இதுவே ஆதலின், அத்திரையை நீக்கியதால் பெரிய இழப்பு இல்லை.

தொடர்ந்து படமெடுக்கையில் வியூஃபைண்டர் ஒரு கணமும் இருளாமல், ஓடுபவரின் காலசைவு அறுபடாது தெரிவது பெரும் பேறு. ஷட்டர் ஒலிகூட ஒலிபெருக்கியால் எழுப்பப்படுவதே என்பதால், அதை நிறுத்திவிட்டால் மணமேடையருகிலும் பறவைக் கூட்டருகிலும் ஓசையின்றிப் படமெடுக்கலாம்.

வினாடிக்கு 20 ரா படங்கள், அதாவது சென்சார் தரும் பதனிடப்படாத தரவுகள், அல்லது முழு அளவில் 30 ஜேபெக் படங்கள் என்பன விளம்பரத்தில் முந்தும் எண்கள். வினாடிக்கு 120 படங்கள் என்ற எண் 11 மெகாபிக்சல் ஜேபெக்குக்கு மட்டுமே உரியது. ஆனால் களத்தில் கேமராவைத் தடுத்து நிறுத்துவது பஃபர், அதாவது கார்டில் எழுதப்படும்வரை படங்கள் காத்திருக்கும் தற்காலிக நினைவகம். தரம் சிறிதும் குறையாத ரா வடிவில் சுமார் 80 படங்களில், அதாவது நான்கு வினாடிகளில், அது நிரம்பிவிடுகிறது. ‘ஹை எஃபிஷியன்சி’ என்னும் கூடுதல் சுருக்க வடிவிலோ, வேகமான சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப்-பி கார்டு இருந்தால், 1,000 படங்களையும் தாண்டுகிறது. இவ்வளவு விலையுள்ள கேமராவில் மலிவான கார்டைச் செருகுவோர் வாங்கிய வேகத்தில் பாதியைக் கடையிலேயே விட்டு வருகின்றனர்.

பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய ஒரு வினாடி வரையிலான காட்சிகளையும் சேமிக்கும் வசதி 2022 ஏப்ரலில் 2.0 மென்பொருளுடன் வந்தது. மீன்கொத்தி கிளையைவிட்டு எழும் நொடிக்கு இது அருமருந்து. எனினும் இவ்வசதி ஜேபெக்கில் மட்டுமே இயங்குவது, ரா வடிவையே நம்பும் இயற்கைப் படப்பிடிப்பாளர்களுக்கு உண்மையான குறை.

2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனி ஏ9-III, சென்சார் முழுவதையும் ஒரே கணத்தில் பதியும் ‘குளோபல் ஷட்டர்’ கொண்டு கோணலை முற்றிலும் ஒழித்து, வினாடிக்கு 120 ரா படங்களை எட்டியது. அதற்கு விலையாக 24.6 மெகாபிக்சலையும், ஒளியுணர்திறனைக் குறிக்கும் அடிப்படை ஐஎஸ்ஓ 250இல் தொடங்குவதையும், அந்த வேகத்தில் இரண்டு வினாடிக்குள் நிரம்பும் பஃபரையும் ஏற்க வேண்டும். உள்ளரங்கில் ஃப்ளாஷுடன் விளையாட்டைப் படமெடுப்போருக்கு அதுவே பொருந்தும்; தொலைவிலுள்ள பறவையை வெட்டிப் பெரிதாக்க வேண்டியவர்கள், 1,340 கிராம் எடையைச் சுமக்க முடிந்தால், இசட்-9ஐயே தேர்ந்தெடுப்பது நல்லது.