டென்னிசனின் ஓடை

ஆங்கிலத் தேர்வில் அடிக்கோடிட்ட வரியைக் காட்டி அணியின் பெயரைக் கேட்பார்கள். அலிட்டரேஷன் (ஒரே ஒலி அடுத்தடுத்து வருவது), பர்சானிஃபிகேஷன் (மனிதரல்லாததை மனிதராக்குவது) என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அதோடு கவிதையை மூடிவைப்பதுதான் அநியாயம்.

ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் 1855-இல் வெளியிட்ட 'தி புரூக்' கவிதையை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஓடையே 'நான்' என்று பேசுகிறது. சரி, அது பர்சானிஃபிகேஷன். ருசியெல்லாம் ஓசையில் இருக்கிறது. கூழாங்கற்களில் சலசலக்கும்போது பகர ஒலிகள் உதட்டில் குமிழியிடும். நீர் வழுக்கிப் போகும் இடத்தில் 'ஸ' ஒலி நாக்கிலேயே நழுவும். நிலவுக்கும் விண்மீனுக்கும் கீழே வந்ததும் மகரம். வாயை மூடிக்கொண்டு முணுமுணுப்பு. ஒன்றுவிட்டு ஓர் அடி அழுத்தமில்லாத அசையில் முடிவதால், காலூன்றி நிற்காமல் அடுத்த அடிக்குள் வழிந்துவிடும்.

பள்ளிப் புத்தகங்களில் இருப்பது பெரும்பாலும் ஓடையின் பாட்டு மட்டும். முழுக்கவிதையில் அது துண்டு துண்டாகத்தான் வரும். கீழைநாட்டிலிருந்து ஊர் திரும்பிய ஒருவன், இத்தாலியில் இறந்துபோன கவிஞனான தன் சகோதரன் எழுதியதாக அதை நினைவுகூர்கிறான். மனிதர்கள் போய்விட ஓடை மட்டும் ஓடுகிறது என்ற பல்லவி அப்போது வேறுமாதிரி கேட்கும். இடையில் பிலிப் என்ற கிழவர் வேறு. குதிரைக்குட்டியைப் பேரம்பேசி விற்ற கதையை ஓடையை மிஞ்சி வளவளப்பார். அவரைப் பாடத்தில் வெட்டியதில் எனக்கு வருத்தம்தான்.